பெட்ரோல் பம்ப்செட் கார்பரேட்டரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

காரைக்கால் போன்ற கடைமடைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, சம்பா இளம்பயிர் மூழ்கினால் தண்ணீரை உடனே இறைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் பெட்ரோல் பம்ப்செட் கிளம்பவில்லை என்றால் பயிர் அழுகும். கோளாறு பெரும்பாலும் கார்பரேட்டரில்தான் இருக்கும்.

ஏன் கெடுகிறது?

இப்போது பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் இன்ஜினை ஓட்டாமல் வைத்தால் கார்பரேட்டர் கிண்ணத்தில் தண்ணீரும் பிசினும் தங்கி, ஜெட் துளை அடைத்துவிடும். கடலோர உப்புக்காற்று துருவை இன்னும் கூட்டும்.

முதலில் சோதியுங்கள்

டேங்கில் புது பெட்ரோல் ஊற்றி, ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் சுத்தம் செய்யுங்கள். சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நின்றுவிடுகிறதா? ஜெட் அடைப்பாக இருக்கலாம். கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். உள்ளே அரித்திருந்தால் மாற்றுவதே நல்லது.

மாற்றும் முறை (4 ஸ்ட்ரோக் இன்ஜின்)

1. இன்ஜின் ஆறிய பிறகு, திறந்தவெளியில் வேலை செய்யுங்கள். பீடி, அடுப்பு அருகில் கூடாது. பிளக் கேப்பைக் கழற்றுங்கள்.

2. பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்தின் அடி போல்ட்டைத் தளர்த்தி பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

3. ஏர் ஃபில்டரைக் கழற்றுமுன் கவர்னர் கம்பி, மெல்லிய ஸ்பிரிங் மாட்டியிருக்கும் விதத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பெட்ரோல் டியூப், கம்பி, ஸ்பிரிங் ஆகியவற்றை விடுவித்து கார்பரேட்டரை வெளியே இழுங்கள்.

5. பழையதையும் இன்ஜின் மாடல் எண்ணையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். போல்ட் துளை இடைவெளி, சோக் லீவர் இருக்கும் பக்கம் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். கேஸ்கெட்டும் புதிதாக வாங்குங்கள்.

6. இன்ஜின், கேஸ்கெட், இன்சுலேட்டர், கேஸ்கெட், கார்பரேட்டர் என்ற வரிசையில் பொருத்துங்கள். நட்டுகளை மாறி மாறி, சமமாக இறுக்குங்கள்.

7. கவர்னர் கம்பியும் ஸ்பிரிங்கும் பழைய துளைகளிலேயே இருக்கின்றனவா என்று படத்தோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போனால் இன்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்துச் சேதமாகும்.

8. காக்கைத் திறந்து கசிவு உண்டா என்று சில நிமிடம் பாருங்கள். பம்பில் தண்ணீர் நிரப்பாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது, சீல் கருகிவிடும்.

மீண்டும் கெடாமல் இருக்க

சீசன் முடிந்ததும் டேங்கை வடித்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு, கூரைக்கு அடியில் மூடி வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால், மழை இரவில் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டாம்.