மூடுபனி விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து?

பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் ஏ4 வீதியில், மாலை நான்கு மணிக்கே வெளிச்சம் போய்விடும் நாட்கள் உண்டு. மலையிலிருந்து மூடுபனி இறங்கி வீதியை விழுங்கிவிடும். எதிரே வரும் வெல்லவாய பஸ்ஸின் முகம் மிக அருகில் வந்த பிறகுதான் தெரியும். மீரியபெத்தவுக்கும் பூனாகலைக்கும் ஏறும் தோட்டப் பாதைகளில் நிலைமை இன்னும் மோசம். இந்தப் பக்கம் கார் ஓட்டுகிறவர் எவரும் முதலில் ஆசைப்படுவது ஒரு சோடி ஃபொக் லைட்டுக்குத்தான். அடுத்தது டேஷ் கேமரா. அதற்கடுத்தது ஜப்பானிய மொழியில் பேசும் திரையைக் கழற்றிவிட்டு ஒரு அண்ட்ரொயிட் பிளேயர்.

பெற்றோல் கார் என்றால் எந்த வயரிங் பாஸும் அரை நாளில் இதையெல்லாம் பூட்டிக் கொடுத்துவிடுவார். மின்சாரக் கார் வந்து நின்றால் அவரும் ஒரு நிமிடம் யோசிக்கிறார். யோசிக்கத்தான் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் ரீகண்டிஷன் நிசான் லீஃப் ஒன்று இருக்கிறது. 2015 வாக்கில் வரிச் சலுகையோடு இலங்கைக்கு ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய கார்களில் அதுவும் ஒன்று. தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனவர், நான்கு நாள் கழித்து வந்து பட்டனை அமுக்கினால் கார் பேச்சு மூச்சில்லை. கராஜிலிருந்து பாஸ் வந்தார்.

"நிப்பாட்டும்போது எவ்வளவு காட்டுச்சு சேர்?"

"எண்பது பாஸ். எண்பதுக்கு மேலயே இருந்துச்சு."

"அது பெரிய பெட்டரி சேர். செத்தது சின்னது. கேமராவை எதுல குடுத்திருக்காங்கன்னு பாப்போம்."

கேமராவை நேரே சின்னப் பெட்டரியில் கொடுத்திருந்தார்கள். கார் நின்ற பிறகும் அது படம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மின்சாரக் காருக்குள் இரண்டு பெட்டரிகள் இருப்பது, அதை ஓட்டுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. முதல் தலைமுறை லீஃபில் தரைக்கடியில் இருக்கும் பெரிய பெட்டரி 24 கிலோவாட் மணி, ஏறக்குறைய 360 வோல்ட். முன்பக்க மூடியைத் திறந்தால் தெரியும் சின்னப் பெட்டரி, பெற்றோல் காரில் இருக்கும் அதே 12 வோல்ட் ஈய அமிலப் பெட்டரிதான். கொள்ளளவு சுமார் 45 அம்பியர் மணி, அதாவது அரைக் கிலோவாட் மணிக்குச் சற்று மேல். பெரியதோடு ஒப்பிட்டால் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் வண்டியை எழுப்புவது இந்தச் சின்னதுதான். பெரிய பெட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே கனத்த ரிலேக்கள் இருக்கின்றன. கார் நிற்கும்போது அவை திறந்தே இருக்கும்; 360 வோல்ட் தன் பெட்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பட்டனை அமுக்கினால் 12 வோல்ட்தான் கணினிகளை எழுப்பி, அந்த ரிலேக்களை மூடவைக்கிறது. ஸ்டோர் நிறையத் தேயிலை இருந்தாலும் சாவிக்காரர் வராவிட்டால் கதவு திறக்காது அல்லவா, அதே கதைதான்.

அந்த ஆசிரியரின் கணக்கைப் பாருங்கள். நிறுத்திய காரில் ஓடும் கேமரா ஏறக்குறைய 0.3 அம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு 7 அம்பியர் மணி. நான்கு நாளில் 28. பழைய பெட்டரிக்கு அதற்கு மேல் தாங்காது. ஈய அமிலப் பெட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே அடிக்கடி போனால் அதன் ஆயுள் வேகமாகக் குறைகிறது.

"பெரிய பெட்டரியில் அவ்வளவு கிடக்கிறதே, அதிலிருந்தே கொஞ்சம் எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் ஒன்றுதான்: தொடவே கூடாது. லீஃபின் பெட்டரியில் கலங்கள் 96 படிகளாகத் தொடரில் நிற்கின்றன. அதில் நான்கு படியை மட்டும் பிரித்தெடுத்தால் ஏறக்குறைய 15 வோல்ட் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்த நான்கும் மற்றவற்றைவிட முன்னதாகவே வடிந்துவிடும். முழுப் பெட்டரியும் அவற்றின் அளவுக்கே சுருங்கிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 12 வோல்ட் சுற்றில் காரின் உடல்தான் எதிர்மின் வழி. 360 வோல்ட் சுற்றில் அப்படி இல்லை. அதன் இரு முனைகளும் காரின் உடலைத் தொடாமல் தனித்து மிதக்கின்றன. தவறுதலாக ஒரு முனையில் கைபட்டாலும் சுற்று முழுமையடையாமல் உயிர் தப்புவதற்காகவே அந்த ஏற்பாடு. வாகனப் பாதுகாப்பு விதிகள் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டத்தை உயர் மின்னழுத்தமாகக் கருதுவதும், அந்த வயர்களுக்குச் செம்மஞ்சள் நிறம் தருவதும் இதனால்தான். ஒரு ஃபொக் லைட்டின் எதிர்முனையை உடலில் பூட்டிவிட்டு நேர்முனையைப் பெரிய பெட்டரியில் கொடுத்தால், அந்தத் தனிமை அன்றோடு போய்விடும். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டு வருவதால் அதில் எழும் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. நேர்மின்னோட்டத்தில் அந்த ஓய்வு கிடையாது. பிடித்த பொறி பிடித்தபடி எரியும்.

ஆகவே எடுப்பது எப்போதும் 12 வோல்ட் பக்கத்திலிருந்துதான். எடுக்கும் நேரம் எது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பெற்றோல் காரில் சின்னப் பெட்டரிக்கு ஊட்டுவது ஒல்டர்னேட்டர். மின்சாரக் காரில் அந்த வேலையைச் செய்வது டிசி-டிசி கன்வேர்ட்டர் என்ற பெட்டி. 360 வோல்ட்டை வாங்கி, நடுவே ஒரு மின்மாற்றியை வைத்து இரு பக்கமும் தொடாமல் பிரித்து, 13, 14 வோல்ட்டாக்கித் தருகிறது. லீஃபில் டேஷ்போர்டில் பச்சைக் கார் அடையாளம் வந்து 'ரெடி' ஆன பிறகு அது தொடர்ந்து வேலை செய்யும். அப்போது எரியும் ஃபொக் லைட்டுக்கு மின்சாரம் வருவது உண்மையில் பெரிய பெட்டரியிலிருந்துதான், ஆபத்தில்லாத பாதை வழியாக. ரெடி ஆகாமல் வெறும் ஒன் நிலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், சின்னப் பெட்டரி தனியாக வடிந்துகொண்டிருக்கும்.

இனி வயரிங். இங்கே நான் கண்டிப்பாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்தச் சின்னச் சின்ன அலட்சியங்களாலேயே வாகனம் தீப்பிடிக்கக்கூடும். 55 வாட் ஹலோஜன் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 அம்பியருக்கு மேல். அதே வெளிச்சத்துக்கு எல்ஈடி சோடி 36 வாட்டில் முடியும், 3 அம்பியர். எனவே எல்ஈடியே வாங்குங்கள். விளக்குக்கு ஸ்பீக்கர் வயரை இழுக்க விடாதீர்கள். அரை சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இரண்டு மீற்றர் நீளத்தில் எங்காவது உரசி உடலைத் தொட்டுவிட்டால், நூறு அம்பியருக்கு மேல் பாயும். ஆயிரம் வாட்டைத் தாண்டிய வெப்பம், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் வெப்பம், ஒரு மெல்லிய நூலில் இறங்கினால் என்னவாகும்! அதைத் தடுப்பது பியூஸ் ஒன்றுதான். அதுவும் பெட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் பூட்டிய பியூஸ் நடுவழியில் உரசும் வயரைக் காப்பாற்றாது.

நல்ல முறை இதுதான்: பெட்டரியின் நேர்முனை, உடனே பியூஸ், பிறகு ரிலேயின் 30ஆம் முனை, 87இலிருந்து விளக்குக்கு, ரிலேயின் சுருளை இயக்கும் 86ஆம் முனைக்கு, காரை நிறுத்தினால் மின்சாரம் தானே நின்றுவிடும் ஒரு வயரைச் சுவிட்ச் வழியாகக் கொடுப்பது, 85 உடலுக்கு. காரின் நுண்ணிய வயர்கள் சுருளுக்கான சிறு மின்னோட்டத்தை மட்டுமே சுமக்கும். விளக்கின் எதிர்முனையைப் பெட்டரி முனையிலேயே முறுக்காமல் உடலில் உள்ள போல்ட்டில் பூட்டுங்கள். பல மாடல்களில் அந்த எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி இருக்கிறது. அதைத் தாண்டி எடுத்தால் கார் தன் கணக்கைத் தப்பாகப் போடும். எயார்பேக், பிரேக் ஆகியவற்றின் பியூஸில் எதையும் ஒட்டவைக்கக் கூடாது. மஞ்சள் இணைப்பிகள் எயார்பேக்கைச் சேர்ந்தவை, கைவைக்காதீர்கள்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு புதிய கார்கள் வருகின்றன. அவற்றில் சிலவற்றில் சின்னப் பெட்டரியும் லிதியமாக மாறிவிட்டது. அதற்குள்ளேயே காவல் சுற்று இருப்பதால், அளவு மீறினால் ஒரேயடியாகத் துண்டித்துக்கொள்ளும். அந்த வண்டிகளுக்குப் பழைய அனுபவத்தை அப்படியே பிரயோகிக்க முடியாது. கையேட்டைப் பார்த்தே ஆகவேண்டும்.

விளக்குப் போட்டால் கார் ஓடும் தூரம் குறையுமா? 36 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் 36 வாட் மணி. லீஃப் ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 150 வாட் மணி செலவழிக்கிறது. இழப்பது கால் கிலோமீற்றர். வெல்லவாய நோக்கி இறங்கும்போது பிரேக் வழியாகத் திரும்பக் கிடைப்பதற்கு முன்னால் அது தூசு.

விளக்கின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்பது நம் வீதிகளில் ஊறிப்போன நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரியே சிதறடிக்கின்றன. உதவுவது கோணம்தான். விளக்கைத் தாழப் பூட்டி, வெளிச்சம் அகலமாக வீதியோரம் விழும்படி குனியவையுங்கள். உயரத்தில் பூட்டிய விளக்கு ஓட்டுபவர் கண்ணுக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பிவரும்.

ஃபொக் லைட்டோடு இந்த விடயம் முடிந்துவிட்டிருந்தால் மீரியபெத்தவின் பெயரை இங்கே எடுத்திருக்கமாட்டேன். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தவின் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை சரியக்கூடியது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் இடம் மாற்றப்படவில்லை. இன்று அந்த நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று படிப்படியாகச் சொல்கிறது. அந்தச் சொல் லயத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கைபேசி வழியாக. அடைமழையில் முதலில் போவதோ கரண்ட். இரண்டாம் இரவில் கைபேசிகள் ஒவ்வொன்றாக அணையும்.

அந்த இரவில் ஊரில் நிற்கும் ஒரு மின்சாரக் கார் பெரிய சொத்து. ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2012இலேயே லீஃபிலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் எடுக்கும் கருவியை விற்பனைக்கு விட்டார்கள். நம்மிடம் அது இல்லாவிட்டாலும் 12 வோல்ட் சொக்கெட் இருக்கிறது. அதன் எல்லை 120 வாட். ஒரு கைபேசிக்கு 10 வாட் என்றால் பத்துக் கைபேசிகளை ஒரே நேரத்தில் போடலாம். ஒரு இரவில் ஐம்பது. கார் ரெடி நிலையில், பார்க்கில், கைப்பிரேக்கோடு, உள்ளே ஒருவர் விழித்திருக்க வேண்டும். வண்டி விழித்திருப்பதற்கே 200, 300 வாட் போகும் என்பதால் பத்து மணி நேரத்துக்கு 4 கிலோவாட் மணி வரை செலவாகும். பழைய லீஃபும் அதைத் தாங்கும். தண்ணீர் கொதிக்கவைக்க மட்டும் அந்தச் சொக்கெட்டைக் கேட்காதீர்கள்.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒக்டோபர் மழைக்கு முன் ஒரு காலையில், காரை எழுப்புவதற்கு முன்னாலேயே மூடியைத் திறந்து சின்னப் பெட்டரியின் வோல்ட்டை அளந்து பாருங்கள். 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றுங்கள், பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். பியூஸ் இல்லாமல் போன வயர் ஒன்றாவது கண்ணில் பட்டால், அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.