கை சுற்றிய சக்கரத்தைக் கார் மோட்டார் சுற்றுகிறது!

மழை பெய்யும்போது காரின் முன் கண்ணாடியைத் துடைக்கும் கருவியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் வைப்பர். அதை ஆட்டுவதற்கு ஒரு சின்ன மோட்டார் உண்டு. கார் பழையதாகி உடைக்கப்பட்டதும், அந்த மோட்டார் காயலான் கடைக்கு வந்துவிடும்.

அதை வாங்கி வந்து, இரும்பு வெட்டும் எந்திரத்துக்கு ஒரு "கை" செய்துவிடலாம்! வீட்டிலேயே சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் இப்படிச் செய்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

தேங்காய் துருவி போல!

லேத் பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? லேத் எந்திரத்தில் இரும்பு சுற்றும். வெட்டும் உளி சுற்றாது. மில்லிங் மெஷின் இதற்கு நேர் மாறானது. இதில் பற்கள் உள்ள "கட்டர்" சுற்றும். இரும்பு ஒரு மேஜையின் மேல் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். மேஜை மெல்ல நகர்ந்து, இரும்பைக் கட்டரிடம் கொண்டு போகும்.

கைப்பிடியைச் சுற்றித் தேங்காய் துருவும் கருவி சில வீடுகளில் இருக்கிறது அல்லவா? அதில் பற்கள் சுற்றுகின்றன. தேங்காய் மூடியை நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மில்லிங் மெஷினிலும் அதே கதைதான்!

கட்டரைச் சுற்ற மோட்டார் உண்டு. மேஜையை நகர்த்துவது யார்? சின்ன எந்திரங்கள் பலவற்றில் அது மனிதன் கைதான். மேஜைக்கு அடியில் ஒரு நீண்ட திருகுத் தண்டு இருக்கும். அதன் கோடியில் கைச்சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் மேஜை நகரும்.

பெரிய தொழிற்சாலைகளில் மேஜை தானே நகரும் ஏற்பாடு 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால், சிறு பட்டறைக்கு அந்த வசதி எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1938-ம் ஆண்டு வெளிவந்த பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷின் பல நாட்டுப் பட்டறைகளில் பெயர் பெற்றது. அதற்குக்கூட, மேஜையை நகர்த்தும் கருவியைப் பலர் தனியாக வாங்கித்தான் மாட்டினார்கள்.

600 சுற்று!

ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

கட்டருக்கு 4 பல். ஒவ்வொரு பல்லும் 0.05 மில்லிமீட்டர் கனத்துக்கு இரும்பைச் சீவ வேண்டும். அப்படியானால், கட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்போது மேஜை 0.2 மில்லிமீட்டர் நகர வேண்டும். கட்டர் நிமிடத்துக்கு 500 சுற்றுச் சுற்றினால், மேஜை நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் நகர வேண்டும்.

கைச்சக்கரத்தை ஒரு தடவை சுற்றினால் மேஜை 5 மில்லிமீட்டர் நகரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிமிடத்துக்கு 20 சுற்று. அதாவது, 3 விநாடிக்கு ஒரு சுற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

300 மில்லிமீட்டர் நீளமுள்ள இரும்பை ஒரு தடவை சீவ 60 சுற்று. பத்துத் தடவை சீவினால் 600 சுற்று! மேஜையைத் திரும்பக் கொண்டு வருவது இந்தக் கணக்கில் சேரவில்லை.

இத்தனை நேரமும் கை ஒரே வேகத்தில் சுற்றுமா? தோள் வலிக்கும். கவனம் சிதறும். கை வேகமாகப் போனால், கட்டர் தாங்காது, பல் உடையும். மெதுவாகப் போனால், பல் இரும்பைச் சீவாமல் வெறுமனே உராயும், சூடேறி மழுங்கும். கை தயங்கிய இடமெல்லாம் இரும்பின் மேல் வரி வரியாகத் தெரியும்.

மெதுவாகச் சுற்றும் பலசாலி

வைப்பரின் கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி 1903-ம் ஆண்டு வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வைப்பரை வண்டிக்குள் இருந்தபடி கையால்தான் ஆட்ட வேண்டும்! மோட்டார் பின்னால் வந்தது. ஒரு கைக்கு ஓய்வு கொடுத்த அந்த மோட்டார், இப்போது இன்னொரு கைக்கு ஓய்வு கொடுக்கிறது.

இந்த வேலைக்கு வைப்பர் மோட்டார் ஏன் ஏற்றது? அதற்குள் திருகு போன்ற ஒரு தண்டு, பெரிய பற்சக்கரம் ஒன்றைச் சுற்றுகிறது. இதனால் வேகம் குறைகிறது, பலம் கூடுகிறது. வெளியே வரும் அச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 65 சுற்றுதான் சுற்றும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

முதலில், மேஜையின் கோடியில் ஒரு கனமான தகட்டை போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். அதில் மோட்டாரைப் பொருத்துகிறார்கள். மோட்டாரும் மேஜையோடு சேர்ந்தே நகரும். ஆகவே, மின்சார ஒயரைத் தாராளமாக விட வேண்டும்.

மோட்டாரில் சின்னச் சக்கரம், திருகுத் தண்டில் அதைப் போல் இரண்டு மடங்கு பெரிய சக்கரம். இரண்டையும் பல் வைத்த பெல்ட் இணைக்கும். மோட்டார் 40 சுற்றுச் சுற்றினால், தண்டு 20 சுற்றுச் சுற்றும்.

இன்னும் மெதுவாகப் போக வேண்டுமா? அதற்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. அது மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டு விட்டுக் கொடுக்கும். குமிழைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும்.

மோட்டாருக்கு 12 வோல்ட் மின்சாரம் போதும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுக்கவே கூடாது!

இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இடம், நிறுத்தம், வலம் என்று மூன்று நிலை உள்ள சுவிட்ச் இதைச் செய்யும். ஒன்று கவனிக்க வேண்டும். பல வைப்பர் மோட்டார்களில், அதன் இரும்பு உடம்பே ஓர் ஒயர் மாதிரி வேலை செய்கிறது. அப்படிப்பட்ட மோட்டார், எந்திரத்தின் இரும்பைத் தொடாதபடி இடையே மின்சாரம் கடத்தாத பலகை வைக்க வேண்டும்.

கையும் வேண்டும்!

மோட்டார் வந்த பிறகும் கைச்சக்கரம் தேவை. நுட்பமான அளவுக்கு மேஜையைக் கையால்தான் நகர்த்துகிறார்கள். ஆனால், மோட்டார் பெல்ட்டோடு கோத்திருந்தால் கைச்சக்கரம் அசையாது. திருகு பற்சக்கரத்தைச் சுற்றும். பற்சக்கரம் திருகைச் சுற்றாது!

அதற்காகத்தான் நடுவில் கிளச். வேண்டும்போது பல்லோடு பல் கோக்கும், வேண்டாதபோது விலகும்.

மோட்டார் ஓடும்போது கைச்சக்கரமும் சுற்றக்கூடும். அதன் கைப்பிடி சட்டையைப் பிடித்து இழுத்துவிடலாம். ஆகவே, கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும்.

நிற்கக் கற்றுக் கொடுங்கள்

மேஜையின் எல்லை எது என்று மோட்டாருக்குத் தெரியாது. எல்லை வந்தாலும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் இரு பக்கமும் ஒவ்வொரு சுவிட்ச் வைக்கிறார்கள். மேஜை அதை முட்டியதும் மின்சாரம் நின்றுவிடும். மோட்டார் சிக்கிக்கொண்டால் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். அதற்குப் பியூஸ் வேண்டும். கைக்கு எட்டும் இடத்தில், தட்டியதும் எல்லாவற்றையும் நிறுத்தும் பெரிய சுவிட்சும் வேண்டும்.

இன்னொரு ஆபத்து உண்டு. பழைய எந்திரத்தில் திருகுத் தண்டுக்கும் அதன் நட்டுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கட்டரின் பற்கள் செல்லும் திசையிலேயே இரும்பைத் தள்ளினால், கட்டர் மேஜையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். கட்டர் உடைந்து தெறிக்கலாம். எப்போதும் பற்களை எதிர்த்து இரும்பு போவதே நல்லது. கண்ணாடி அணியாமல் எந்திரத்தின் அருகே போகக் கூடாது.

கை வெறும் பலத்தை மட்டும் கொடுக்கவில்லை. சக்கரம் கனத்தால், கட்டர் மழுங்கிவிட்டது என்று கை சொல்லும். அதிர்ந்தால், இரும்பு சரியாகப் பிடிக்கப்படவில்லை என்று சொல்லும். மோட்டார் இதையெல்லாம் சொல்லாது! இனி அதைக் காது கேட்க வேண்டும். கண் பார்க்க வேண்டும்.

மோட்டாரை ஓடவிட்டு டீக்கடைக்குப் போகக் கூடாது. ஓய்வு கைக்குத்தான், கண்ணுக்கு அல்ல!