கணிப்பொறியின் பதிவேட்டில் பெயர் நீக்கம்

ஒரு மாணவி பள்ளியை விட்டு மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் செல்லும்போது வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு கோடு விழும். அதைப் போடுமுன் வகுப்பாசிரியை சேர்க்கை எண்ணைப் பார்ப்பார், தந்தை பெயரைப் பார்ப்பார், தலைப்பெழுத்தையும் பார்ப்பார். ஏனெனில் ஒரே வகுப்பில் மூன்று மேரிகள் இருப்பது நம் பள்ளியில் அரிதன்று! அவசரத்தில் கோடு வேறொரு மேரியின் மேல் விழுந்துவிட்டால் அவள் மறுநாள் வகுப்பில் அமர்ந்திருந்தும் இல்லாதவள் ஆகிவிடுவாள்.

கணிப்பொறிக்கும் இத்தகைய ஒரு பதிவேடு உண்டு. விண்டோஸ் இயங்கும் கணிப்பொறிகளில் அதற்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். அதிலிருந்து ஒரு பெயரை நீக்கப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் நாங்கள் நால்வர் ஒரு சிறு நிரல் எழுதினோம். இருபது வரி கூட இல்லாத அந்த நிரலைச் சரிசெய்ய எங்களுக்கு ஆறு மாலைப்பொழுதுகள் பிடித்தன. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலில் பதிவேட்டைப் பற்றிச் சில சொற்கள். முற்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பங்களை ஐஎன்ஐ என்னும் சிறு உரைக் கோப்புகளில் எழுதி வைத்தது. கோப்புகள் பெருகி எது எங்கே என்று தெரியாத நிலை வந்தது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி சிறிய அளவில் தோன்றியது. 1993-இல் விண்டோஸ் என்டி அதனை விரிவாக்கியது. 1995-இல் விண்டோஸ் 95 அதனை வீட்டுக் கணிப்பொறிகளுக்கும் கொண்டுவந்தது. இன்று கணிப்பொறிக்குப் பொதுவான செய்திகள் சிஸ்டம்32 என்னும் கோப்புறைக்குள் கான்ஃபிக் என்ற இடத்தில் சில கோப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொருவரின் சொந்த விருப்பங்களோ அவரவர் கணக்கில் என்டியூசர்.டாட் என்ற கோப்பில் இருக்கின்றன.

அமைப்பில் இது ஒரு மரம். கிளைகளைக் 'கீ' என்பர். (சாவி என்று மொழிபெயர்த்துக் குழம்ப வேண்டாம், அலமாரியின் அறை என்று கொண்டால் போதும்.) ஒரு கீயினுள் வேறு கிளைக் கீகள் இருக்கலாம். இவ்வாறு 512 அடுக்குகள் வரை செல்லலாம் என்பது விதி. கீயினுள் வைக்கப்படும் எண்ணையும் எழுத்தையும் 'மதிப்பு' என்பர். ஹெச்கீ லோக்கல் மெஷின் என்ற பெருங்கிளை கணிப்பொறி முழுமைக்கும் உரியது. ஹெச்கீ கரண்ட் யூசர் என்பது அப்போது அமர்ந்திருப்பவருக்கு மட்டும் உரியது. இவ்விரண்டின் வேறுபாடு எங்களைப் பிற்பாடு ஒரு மாலை முழுதும் அலைக்கழித்தது.

எங்கள் சிக்கல் இதுதான். கூடத்தில் இருந்த 18 கணிப்பொறிகளிலும் ஒரு பழைய தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் இருந்தது. அதனை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவ முயன்றோம். "முந்தைய பதிப்பு உள்ளது" என்று சொல்லி அது நிறுவ மறுத்தது. கோப்புகள் போய்விட்டன, ஆனால் பதிவேட்டில் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஒவ்வொரு கணிப்பொறியாக அமர்ந்து கையால் நீக்கலாம்தான். "நிரல் படிக்கிறீர்கள் அல்லவா, நிரலாகவே எழுதுங்களேன்" என்றார் கூடத்தின் பொறுப்பில் உள்ள சிஸ்டர். பாடத்தில் கற்ற பைத்தான் மொழியிலேயே எழுதினோம். அதில் வின்ரெக் என்றொரு தொகுதி இந்தப் பதிவேட்டு வேலைக்கென்றே இருக்கிறது.

முதல் நாள் நிரலை ஓட்டியவுடன் பிழை எண் 5 வந்தது. அனுமதி இல்லை என்று பொருள். லோக்கல் மெஷின் கிளையில் கைவைக்க நிர்வாகி அனுமதி வேண்டும் என்பதை அறிவோம். சிஸ்டர் வந்து கடவுச்சொல்லை இட்டார். மீண்டும் ஓட்டினோம். மீண்டும் அதே 5! இங்குதான் நாங்கள் ஒரு மாலையை இழந்தோம். அனுமதி, அனுமதி என்று அதையே பிடித்துக்கொண்டு கீயின் உரிமையாளர் யார், எவருக்கு என்ன உரிமை என்றெல்லாம் தோண்டினோம். உண்மைக் காரணம் வேறு. டெலீட்கீ என்னும் கட்டளை தனக்குள் கிளை உள்ள கீயை நீக்காது. நீக்காததோடு "உள்ளே கிளைகள் உள்ளன" என்று சொல்லாமல், "அனுமதி இல்லை" என்ற அதே எண்ணைத் தருகிறது. காலில் முள் குத்தியவனும் பல்வலிக்காரனும் "ஐயோ" என்றுதானே அலறுகிறார்கள்? ஓசையைக் கொண்டு நோயை அறிய முடியாது. விண்டோஸ் 95-இலும் 98-இலும் இதே கட்டளை கிளைகளையும் சேர்த்து வெட்டிவிடும் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. என்டி வழிவந்த இன்றைய விண்டோஸ்தான் மறுக்கிறது. அந்த மறுப்பு எவ்வளவு நல்லது என்பதைக் கீழே காண்பீர்கள்.

(இதே எண் 5-க்கு மூன்றாவது காரணமும் உண்டு. ஒரு கீயைப் படிப்பதற்கு மட்டும் என்று திறந்துவிட்டு அதிலுள்ள மதிப்பை நீக்க முயன்றாலும் இதுவே வரும். பைத்தானில் ஓப்பன்கீ தானாகப் படிப்பதற்கே திறக்கிறது. எழுதும் உரிமையை நாம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.)

ஆகவே முதலில் கிளைகளை நீக்கிப் பின் தாயை நீக்கும்படி நிரலைத் திருத்தினோம். தட்டச்சு மென்பொருளின் கீயில் நான்கு கிளைகள் இருந்தன. சுழியாம் கிளை, ஒன்றாம் கிளை என்று வரிசையாக எண் சொல்லி நீக்கச் செய்தோம். இரண்டு நீங்கின, பிறகு "இனித் தரவு இல்லை" என்று பிழை எண் 259 வந்தது. மீதி இரண்டு அப்படியே நின்றன. எங்களில் ஒருத்தி கரும்பலகையில் நான்கு பெயர்களை எழுதி ஒவ்வொன்றாய் அழித்துக் காட்டியபோதுதான் புரிந்தது. முதல் பெயரை அழித்தவுடன் இரண்டாம் பெயர் முதலிடத்துக்கு ஏறிவிடுகிறது. நாமோ அடுத்த எண்ணைக் கேட்கிறோம். அதனால் இடையில் ஒன்று தப்புகிறது. உணவு வேளையில் வரிசை நகரும்போது தலைகளை எண்ணினால் வரும் பிழையும் இதுவே. எல்லாப் பெயர்களையும் முதலில் ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டு, பிறகு பட்டியலைப் பார்த்து நீக்கச் செய்தோம். அது சரியாயிற்று.

அந்தப் பட்டியல்தான் எங்களைக் காப்பாற்றியது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறோம்.

அந்த மென்பொருள் பல ஆண்டுகளில் மூன்று பெயர்களில் வந்திருந்தது. மூன்றையும் ஓர் உரைக் கோப்பில், வரிக்கு ஒன்றாக எழுதினோம். நிரல் அக்கோப்பைப் படித்து, சாஃப்ட்வேர் என்ற கீயின் கீழ் அப்பெயருள்ள கீயை அடியோடு நீக்க வேண்டும். 18 கணிப்பொறிகளிலும் ஓட்டுமுன் சிஸ்டர் ஒன்று கேட்டார்: "நீக்காமல், நீக்கப்போவதை மட்டும் திரையில் எழுதச் சொல்ல முடியுமா?" எங்களுக்கு அது வீண்வேலையாகத்தான் தோன்றியது. ஆயினும் நீக்கும் வரியை மறைத்து, அதற்குப் பதில் பெயரை அச்சிடும் வரியை இட்டோம். மூன்று பெயர்களும் அவற்றின் கிளைகளும் ஒழுங்காக வந்தன. பிறகு திரை நிற்காமல் ஓடத் தொடங்கியது. உலாவியின் பெயர், அச்சுப்பொறியின் பெயர், பிறகு மைக்ரோசாஃப்ட் என்று தொடங்கிய வரிகள் முடிவின்றி வந்தன. நாங்கள் நால்வரும் வாயடைத்து நின்றோம்.

காரணம் கோப்பின் கடைசியில் இருந்த ஒரு வெற்று வரி! பெயரை எழுதியபின் பழக்கத்தினால் என்டர் விசையை ஒருமுறை கூடுதலாக அழுத்தியிருந்தோம். நான்காவது பெயர் ஒன்றுமில்லாத பெயர். ஒரு கீயின் கீழ் வெற்றுப் பெயரைத் திறக்கச் சொன்னால் விண்டோஸ் பிழை காட்டாது. அந்தக் கீயையே மறுபடி திறந்து கொடுக்கும். ஆகவே "சாஃப்ட்வேரின் கீழ் ஒன்றுமில்லாததை அடியோடு நீக்கு" என்ற எங்கள் கட்டளையை அது "சாஃப்ட்வேரை அடியோடு நீக்கு" என்று கொண்டது. டெலீட்கீ தானாகச் செய்ய மறுத்ததை எங்கள் அடுக்கடுக்கான நிரல் செவ்வனே செய்திருக்கும். சில கீகளுக்கு விண்டோஸ் தானே உரிமை வைத்திருப்பதால் அவை மட்டும் தப்பியிருக்கும். பாதி அழிந்து பாதி நின்ற பதிவேடு முழுதும் அழிந்ததைவிடப் பெரிய தொல்லை. ஒன்றல்ல, 18 கணிப்பொறிகள்! அவற்றில் செய்முறைத் தேர்வுக்கான எங்கள் தோழியரின் ஏடுகள் இருந்தன.

இதில் நீக்கியதை மீட்கக் குப்பைத்தொட்டி கிடையாது. பதிவேட்டுத் திருத்தியில் 'செய்ததை மாற்று' என்ற வசதியும் இல்லை. முன்பெல்லாம் விண்டோஸ் ரெக்பேக் என்ற இடத்தில் தானாகவே ஒரு படி எடுத்து வைத்தது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அவ்வாறு தானாக எடுப்பதில்லை. ஆகவே தொடுமுன் அந்தக் கீயை ஏற்றுமதி செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொண்டோம். அக்கோப்பை இருமுறை சொடுக்கினால் நீங்கியவை திரும்ப எழுதப்படும். அதோடு பெயர் வெறுமையாக இருந்தால் நிரல் உடனே நிற்க வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதினோம்.

வீட்டில் உள்ள பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பதிவேட்டைத் துப்புரவு செய்து கணிப்பொறியை விரைவாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பல உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. நான்கு பேர் ஆறு மாலை திருத்திய நிரலே இப்படியானால், பெயர் தெரியாதவரின் நிரல் எதை வெற்றுப் பெயராகக் கொள்ளுமோ யாரறிவார்?

பின்னும் இரு தடைகள் இருந்தன. சில கணிப்பொறிகளில் நிரல் நன்றாக ஓடியது. சிலவற்றில் பிழை எண் 2, அதாவது அப்படி ஒன்று இல்லை என்றது. கண்ணெதிரே திருத்தியில் அந்தக் கீ தெரிகிறதே! நன்றாய் நோக்கினால் அது வாவ்6432நோட் என்ற கிளைக்குள் இருந்தது. 64 பிட் விண்டோஸ் பழைய 32 பிட் மென்பொருள்களுக்கெனத் தனி அறை ஒதுக்கி, அவற்றை ஓசையின்றி அங்கே திருப்பிவிடுகிறது. தட்டச்சு மென்பொருள் 32 பிட். எங்கள் பைத்தானோ சில கணிப்பொறிகளில் 32, சிலவற்றில் 64. ஒன்று சரியான அறையிலும் மற்றது எதிர் அறையிலும் தேடின. திறக்கும்போதும் நீக்கும்போதும் 32 பிட் அறை என்று குறிப்பிட்டதும் தீர்ந்தது.

அடுத்தது கரண்ட் யூசர். அதிலிருந்த கீயை நிரல் காணவே இல்லை. சிஸ்டர் தம் கடவுச்சொல்லை இட்டு நிரலை ஓட்டியதால் அப்போதைய பயனர் நாங்கள் அல்லர், சிஸ்டர்! நாங்கள் அவருடைய விருப்பங்களில் எங்கள் கீயைத் தேடிக்கொண்டிருந்தோம். நிரலை இரண்டாகப் பிரித்து, பொதுவானதை நிர்வாகியாகவும், சொந்தமானதை மாணவியர் கணக்கிலும் ஓட்டினோம்.

17 கணிப்பொறிகளில் முடிந்தது. சன்னல் ஓரத்துக் கணிப்பொறியில் மட்டும் நீக்கிய கீ சற்று நேரத்தில் மீண்டும் முளைத்தது. இருமுறை நீக்கினோம், இருமுறையும் வந்தது. அங்கே மட்டும் பழைய தட்டச்சு மென்பொருளை இன்னும் யாரும் நீக்கியிருக்கவில்லை. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பயிற்சியை முடிக்காமலே போயிருந்தாள். திரையின் அடியில் அது சுருங்கிக் கிடந்து, தன் மதிப்பெண்ணை அவ்வப்போது பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. அதனை மூடி, முறைப்படி நீக்கிவிட்டு நிரலை ஓட்டினோம். புதிய பதிப்பு நிறுவப்பட்டபோது மணி ஐந்தரை. வாயிற்காவலர் சாவியுடன் கூடத்தின் வாசலில் நின்றிருந்தார்.