பழைய குவளையா, புது நகலா? கவிழ்த்துப் பாருங்க!

வெளிர் பச்சை நிறம், வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடிக் குமிழ்கள். 15, 16-ம் நூற்றாண்டுகளில் ஜெர்மானியப் பகுதிகளில் மது அருந்தப் பயன்பட்ட இந்தக் குவளைக்கு ‘கிராட்ஸ்ட்ருங்க்’ என்று பெயர். முட்டைக்கோஸ் தண்டு என்று அர்த்தம்!

குமிழ்கள் வெறும் அழகுக்கு அல்ல. கையால் எடுத்துச் சாப்பிட்ட காலம் அது. பிசுக்கு விரலிலும் குவளை வழுக்காது.

பச்சை நிறம் எப்படி வந்தது? மணலில் கலந்திருந்த இரும்பால். மணலோடு மரச் சாம்பலைச் சேர்த்துக் காட்டுப் பகுதி உலைகளில் உருக்கியதால், இது ‘காட்டுக் கண்ணாடி’.

இன்று நகல் செய்பவர்களுக்கு இதுதான் சவால். இப்போதைய மூலப்பொருள் சுத்தமானது. பச்சை வேண்டுமென்றால் இரும்பு ஆக்சைடை வேண்டுமென்றே சேர்க்கணும். ஊதிய குவளைமேல் சூடான கண்ணாடித் துளிகளை ஒவ்வொன்றாக ஒட்டணும்.

நகல் கச்சிதமாக அமைந்தால் இன்னொரு சிக்கல்: பழம்பொருள் என்று சொல்லி யாராவது விற்றுவிடலாம். அடியில் இரும்புக் கம்பியை ஒட்டி எடுத்த தழும்பு இருந்தாலே பழசு என்று நம்பிவிடக் கூடாது. அதே முறையில் செய்த நகலிலும் அது இருக்கும். அதனால்தான் நேர்மையான கைவினைஞர்கள் அடிப்பகுதியில் தங்கள் முத்திரையைப் பொறிக்கிறார்கள்.