தச்சன் மகன் என்றொரு வீட்டுப் பெயர்

"மெற்றீர் என்பது ஐரிஷ் பெயராயிற்றே! உங்கள் முன்னோரில் வெள்ளைக்காரர் உண்டா?" என்று வேலையிடத்தில் யாரோ மகனைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன், "இந்த அடிமைப் பெயர் நமக்கு எதற்கப்பா? நல்ல தமிழ்ப் பெயராக மாற்றிக்கொள்ளப் போகிறேன்" என்றான். நம் மலருக்கு இதை எழுதத் தூண்டியது அந்தப் பேச்சுதான்.

எங்கள் பூர்வீகம் பாறசாலை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அத்தை வீடு களியக்காவிளையில், எங்கள் வீடு பாறசாலையில். இடையில் மாநில எல்லை! பேச்சும் உறவும் ஒன்றுதான். கோவில்களில் காணும் பெயர்களும் ஒன்றுதான்: மீட், மால்ட், காக்ஸ், ஆப்ஸ், டதி. எல்லாம் லண்டன் மிஷன் ஊழியர்களின் குடும்பப் பெயர்கள். நம்மவர் அவற்றைப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பெயராக வைத்தார்கள். மிஷன் விடுதிப் பள்ளியில் ஒரு பிள்ளையின் செலவை இங்கிலாந்தில் ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. பிள்ளையின் பழைய பெயர் அதோடு போயிற்று. இது எனக்கு உவப்பானதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாமுவேல் மெற்றீர் ஐயர் 1859ல் திருவிதாங்கூர் வந்தவர். திருவனந்தபுரம் பாளையத்தில் அவர் நினைவாக ஒரு தேவாலயம் இருக்கிறது. சமஸ்தானத்துக்கு வழங்கிய 'தர்மபூமி' என்ற பெயரையே தலைப்பாக்கி 1871ல் அவர் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தாழ்த்தப்பட்டவர்கள் மேல்சாதியார் முன் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்பது அதில் பதிவாகியிருக்கிறது. 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, 'கரிக்காடி' என்றே சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையைக்கூடக் குரங்கென்றும் கன்றென்றும் குறிப்பிட வேண்டுமாம்.

மகனிடம் இதைத்தான் சொன்னேன். 'அடியன்' என்று வாய் பழகிய குடும்பத்தில் ஒருவர் தம் பேரனுக்குத் துரை பெயரை வைத்தார். அந்தப் பேரன் என் பாட்டா. ஐயர் 1893ல் காலமானார். பாட்டா பிறந்தது அதற்குப் பிறகு. ஐயரை அவர் கண்டதே இல்லை. எந்தத் துரையும் அந்தப் பெயரை எங்கள் தலையில் கட்டவில்லை.

அது வீட்டுப் பெயரானது வேறு கதை. வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர், பாட்டாவுக்குச் சொந்தப் பெயர், அப்பாவுக்கு வெறும் இனிஷியல். 1962ல் அப்பா கப்பலேறியபோது பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து எழுதினார்கள். மறுபடியும் குடும்பப் பெயராகிவிட்டது! நம்மில் எத்தனை பேருக்கு அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இன்னொரு சுவையான செய்தி. மெற்றீர் என்பது 'மெக்கடீர்' என்ற பெயரின் திரிபு. அல்ஸ்டர் பக்கத்தில் வழங்குவது. ஐரிஷ் மொழியில் அதற்கு 'தச்சன் மகன்' என்று பொருள். ஸ்காட்லாந்தில் 'மெக்கின்டயர்' என்பதும் அதே பொருள்தான். நாசரேத்தூரில் இயேசுவை ஊரார் அப்படித்தானே ஏளனமாகக் கேட்டார்கள்? பாட்டா இதை அறிந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்திருப்பார்.

மகன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "தமிழில் எழுதினால் 'ட்ட' போடுவதா, 'ற்ற' போடுவதா?" என்று கேட்டான். பாட்டா 'ற்ற' போட்டுத்தான் கையெழுத்திடுவார்.