சேறு கட்டிய ஊர்

சுலினாவுக்குச் சாலை கிடையாது. துல்ச்சா நகரில் படகேறினால் சுமார் எழுபது கிலோமீட்டர் தண்ணீரிலேயே போக வேண்டும். இரு கரையும் நாணல்; ஆங்காங்கே கூழைக்கடாக் கூட்டம். ருமேனியாவின் கிழக்குக் கோடியில், டான்யூப் நதியின் நடுக்கிளை கருங்கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். பத்து நாடுகளைத் தொட்டு 2,850 கிலோமீட்டர் ஓடிவரும் நதிக்குத் தூரக் கணக்கு ஊற்றிலிருந்து தொடங்குவதில்லை. சுலினாவில்தான் பூஜ்யம், இங்கிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டே போகிறார்கள்.

ஊரை வளர்த்தது சேறு. ஐரோப்பாவின் பாதி மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து நதி வாசலிலேயே கொட்டிவிடும். அந்த மேட்டில் தானியக் கப்பல்கள் தட்டி நின்றன. கிரிமியப் போர் முடிந்து 1856-ல் பாரிஸில் கூடிய ஏழு அரசுகள், வாசலைத் துப்புரவாக்க ‘டான்யூப் ஐரோப்பிய கமிஷன்’ அமைத்தன. இரண்டு வருட வேலை என்றுதான் பேச்சு. எண்பது வருடம் நீடித்தது. (அரசுக் கமிஷன்களின் ஆயுள் எங்கும் ஒன்றுதான் போலும்.) ஆனால் இந்தக் கமிஷன் வேலையும் செய்தது. தலைமைப் பொறியாளராக வந்த ஆங்கிலேயர் சார்லஸ் ஹார்ட்லிக்கு அப்போது வயது 31. கடலுக்குள் நீளும் இரண்டு கரைச்சுவர்களை எழுப்பி, நடுவே நதியை நெருக்கி ஓடவிட்டார். நெருக்கடியில் வேகம் கூடிய நீர் தன் சேற்றைத் தானே அரித்துத் தள்ளியது. ஒன்பது அடி ஆழமிருந்த வாசல் 1895-ல் 24 அடியானது. கூடவே வளைவுகளை வெட்டி ஆற்றையே நேராக்கினார்கள்.

வாசல் திறந்ததும் உலகம் உள்ளே வந்தது. 1904-ம் ஆண்டுக் கணக்கு ஒன்றில் ஊரின் மொத்த ஜனம் 4,889. கிரேக்கர் 2,056, ருமேனியர் வெறும் 803. அப்புறம் ரஷ்யர், ஆர்மீனியர், துருக்கியர், யூதர், அல்பேனியர் என்று பட்டியல் இறங்கி இறங்கி, கடைசி வரிகளில் நான்கு இந்தியர்களும் இருக்கிறார்கள்! இத்தனை சிறிய ஊரின் இந்தக் கதம்பத்தைத்தான் ழான் பார் என்ற புனைபெயரில் எழுதிய ருமேனிய எழுத்தாளர் 1933-ல் ‘யூரோப்போலிஸ்’ என்று நாவலாக்கினார்.

அந்தக் கணக்கில் என் கண் நிற்பது வேறொரு எண்ணில்: லிப்போவன்கள் ஏழே பேர். அவர்கள் டவுனில் இல்லை. சுற்றியுள்ள நீர்க்கிராமங்களில் இருந்தார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபையின் தலைவர் நிக்கான் வழிபாட்டு முறைகளை மாற்றியபோது, சிலுவைக்குறியை இரண்டு விரலால்தான் இடுவோம், மூன்று விரலால் மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றவர்களின் சந்ததி இவர்கள். துரத்தல் தாங்காமல் வந்து நாணலுக்குள் ஒதுங்கினார்கள். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இந்தக் கிராமங்கள் இல்லை. கீல் பூசிய கறுப்புத் தோணிக்கு ‘லோட்கா’ என்று பேர். மீன்பிடிப்புக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். பக்கத்து லெத்தியா கிராமத்தில் உக்ரைனிய வம்சாவளியினர். 1775-ல் பேரரசி கேத்தரின் தங்கள் கோட்டையை அழித்த பிறகு சிதறி வந்த கொசாக்குகளின் வழி என்கிறார்கள். நாணல் வேய்ந்த வீடுகள், பக்கத்தில் 1938 முதல் காக்கப்படும் காடு. கூட்டுப்பண்ணைகள் கலைந்தபோது அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள் அங்கே காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன.

இன்னும் மேலே போனால் ‘மிலா 23’, அதாவது இருபத்துமூன்றாம் மைல். நதியை நேராக்கியபோது பழைய வளைவிலேயே தங்கிவிட்ட லிப்போவன் மீனவர் ஊர். இங்கே 1949-ல் பிறந்த இவான் பட்சாய்கின், ஒலிம்பிக் கனூ போட்டிகளில் நான்கு தங்கம் வென்றவர். 1972 மியூனிக்கில் தகுதிச்சுற்றில் துடுப்பு உடைந்துபோனது. உடைந்த துடுப்போடே கோட்டைத் தாண்டி, மறுவாய்ப்புச் சுற்றில் மீண்டு, அதே பந்தயத்தில் தங்கத்தையும் எடுத்தார்.

கமிஷனின் அதிகாரம் 1938 ஒப்பந்தத்தோடு ருமேனியாவின் கைக்குப் போனது. சம்பளத்துக்கும் சரக்குக்கும் வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். போகாதவர்கள் கடற்கரைப் பக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், யூத, முஸ்லிம், லிப்போவன் என்று தனித்தனிப் பகுதி. எத்தனையோ மொழிகளில் எழுத்து. கடற்கொள்ளையன் கல்லறை என்று ஒன்றையும் காட்டுவார்கள். இன்று ஊரில் மூவாயிரம் பேர் சொச்சம். பெரும்பாலும் ருமேனியர். அடுத்த பெரிய இனம், அன்றைக்கு ஏழே பேராக இருந்த லிப்போவன்கள்.

நதி கொட்டுவதை நிறுத்தவில்லை. 1870-ல் முகத்துவாரத்தில் கட்டிய கலங்கரை விளக்கம், கடல் பின்வாங்கியதால் இன்று ஊருக்குள் நிற்கிறது. 2022-ல் போர் தொடங்கியபின் உக்ரைனின் டான்யூப் துறைமுகங்களிலிருந்து தானியம் ஹார்ட்லி திறந்த இதே வாசல் வழியாகத்தான் போனது. பழையபடி கப்பல்கள் வரிசையில் காத்துக்கிடந்தன.

போகிறவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு முற்பகலை ஒதுக்குங்கள். ராத்தங்கல் மட்டும் கிராமத்தில் இருக்கட்டும். ஆற்று நீரிலேயே கொதித்த மீன் சூப்பில் சாறு தனியாகவும், மீன் பூண்டுக் குழம்போடு தனியாகவும் வரும். இரண்டையும் கலக்காமல் சாப்பிடுவதுதான் அங்கத்திய வழக்கம்.