புரொஜெக்டர் அணைந்த பிறகும் விசிறி ஏன் ஓடுகிறது?

பாடவேளை முடிந்து மணி அடித்ததும் மாசாயில் என் வகுப்பில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். யாராவது ஒருவர் ஓடிப்போய்ப் புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்குவார். கேட்டால், "விளக்குதான் அணைந்துவிட்டதே டீச்சர்!" என்பார்.

விளக்கு அணைந்தது உண்மைதான். சூடு அணையவில்லையே! பல பள்ளிகளில் இன்னும் இருப்பவை உயர் அழுத்தப் பாதரச விளக்கு பொருத்திய புரொஜெக்டர்கள். இவ்விளக்கை 1990-களில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது. சிறிய குவார்ட்ஸ் குமிழுக்குள் கொஞ்சம் பாதரசம் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அது வெறும் துளி. எரியும்போது ஆவியாகி, குமிழுக்குள் அழுத்தத்தைச் சுமார் 200 வளிமண்டல அளவுக்கு உயர்த்திவிடும். கடலில் 2,000 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம் அது! குமிழின் சுவரும் ஏறக்குறைய 1,000 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும்.

அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் விசிறி தொடர்ந்து ஓடுகிறது. அதற்குள் பிளக்கைப் பிடுங்கினால் சூடு உள்ளேயே தங்கி, விளக்கின் ஆயுளைக் குறைக்கும். உடனே மீண்டும் போட்டுப் பாருங்கள், எரியாது. அழுத்தம் குறையாத ஆவிக்குள் மின்பொறி எளிதில் பாயாது.

விசிறி ஓடினால் மட்டும் போதாது, காற்று உள்ளே போக வழியும் வேண்டும். புகைமூட்டக் காலத்தில் நம் ஜொகூரில் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், சாம்பல் நிறப் போர்வையே இருக்கும். விசிறி நின்று, பிளக்கைக் கழற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு, ஆசிரியர் முன்னிலையில் மென்மையான தூரிகையால் அந்தத் தூசியைத் தட்டுங்கள். கூரையில் பொருத்தியிருந்தால் மேசைமேல் ஏற வேண்டாம், ஏணி பெரியவர்கள் வேலை. அழுத்தக் காற்று டின்னும் வேண்டாம். சிலவற்றில் தீப்பற்றும் வாயு இருக்கிறது.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பவர்களுக்கு ஒரு செய்தி. திரையில் தெரியும் மங்கலான புள்ளி பெரும்பாலும் லென்ஸின் முகப்பில் இல்லை. உள்ளே, படம் உருவாகும் பகுதியை ஒட்டிய தூசி அது. நீங்கள் தேய்ப்பதால் லென்ஸின் மெல்லிய பூச்சுதான் கீறல்படும்.

விளக்கு வெடித்தால் என்ன செய்வது? சன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியேறுங்கள். சில்லுகளைத் தொடாதீர்கள், வெக்குவம் போடாதீர்கள். பாதரச ஆவி அறை முழுக்கப் பரவும்.

எரிந்துபோன விளக்கையும் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. பாதரசம் கலந்த கழிவு நம் நாட்டில் எஸ்.டபிள்யூ. 109 என்ற குறியீட்டின்கீழ் வரும் அபாயக் கழிவு. கழிவைக் கண்ட இடத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்று பாசீர் கூடாங் வட்டாரத்தில் இருக்கும் நமக்குச் சொல்லவே வேண்டாம். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனத்தால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு விளக்கில் இருப்பது கொஞ்சம் பாதரசம்தான், ஆனாலும் அது அழியாது. உங்கள் பள்ளிப் பொருளறையில் பழைய விளக்குகள் கிடந்தால், அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்து, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.